இருபத்தெட்டாம் நாள் மாற்றிய வடிகட்டி

1. ஷஷ்டி அன்று தோழி துர்கா பூஜைக்கு ஊருக்குப் போனாள். அவளுடைய பயோரியாக்டரை என் பொறுப்பில் விட்டாள்.
2. சப்தமி காலை அதன் வடிகட்டி அடைத்துக்கொண்டது. புதியதை மாட்டினேன்.
3. அஷ்டமி அன்று செல்களின் எண்ணிக்கை இறங்கியது.
4. நவமி அன்று இன்னும் இறங்கியது.
5. தசமிக்கு மறுநாள் அவள் திரும்பி வந்தாள்.

இந்த ஐந்து வரிகளில் பொய் இல்லை. இரண்டாவது வரியில் மட்டும் ஒன்று விடுபட்டிருக்கிறது.

வங்காளத்தின் நியூ டவுனில் உள்ள ஆய்வகம் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் ஆராய்ச்சி மாணவிகளாகச் சேர்ந்தோம். அவளுடைய பயோரியாக்டர் கலனில் விலங்குச் செல்கள் வளர்ந்தன. புதிய ஊட்டத் திரவம் ஒரு குழாய் வழியே உள்ளே போய்க்கொண்டே இருக்கும், பழையது இன்னொரு குழாய் வழியே வெளியேறிக்கொண்டே இருக்கும். செல்கள் மட்டும் உள்ளேயே தங்க வேண்டும். அவற்றைத் தடுத்து நிறுத்துவதுதான் வடிகட்டியின் வேலை. இப்படி நாற்பது நாள் நிற்காமல் ஓடினால் அவளுடைய ஆய்வேட்டின் கடைசி அத்தியாயம் முடியும். அவள் கிளம்பியபோது இருபத்தேழு நாள் ஆகியிருந்தது. தீபாவளியன்று வரும் காளி பூஜைக்குப் பிறகு கலன் வேறு குழுவுக்குப் போய்விடும். குளிர்காலத்தோடு அவளுடைய உதவித்தொகையும் முடிகிறது. இன்னொரு முறை ஓட்ட வழியில்லை.

இரண்டு வருடமாக அவள் பூஜைக்கு வீட்டுக்குப் போகவில்லை. போ போ என்று துரத்தியது நான்தான்.

எனக்கு எதற்கும் பட்டியல் வேண்டும். காலையில் உட்கார்ந்து அன்றைய வேலைகளை எழுதுவேன். கட்டாயம் செய்யப்போகிறவற்றுக்கு அப்போதே டிக் போட்டுவிடுவேன். தாள் பாதி முடிந்ததுபோல் தெரிந்தால் கை வேகமாக ஓடும். நாங்கள் பேசிக்கொள்வது வங்காள மொழியில். அவள் கேட்பாள்: "ஏய், பல் தேய்ச்சதுக்குமா டிக் போடுவே?"

"நாளைக்குத் தேய்க்கப்போறதுக்கும் போட்டாச்சு."

புது வடிகட்டியை மாட்டுவதற்கு முன் அதில் காற்றை அழுத்திப் பத்து நிமிடம் அழுத்தமானியின் முள்ளைப் பார்க்க வேண்டும். முள் இறங்கினால் உள்ளே எங்கோ ஓட்டை. சப்தமி காலை அந்த வரிக்கும் டிக் போட்டுவிட்டு, காற்றுக்குழாயைக் கையில் எடுத்தேன். பவானிபூர் வீட்டிலிருந்து அம்மா போனில் கூப்பிட்டாள்.

"ஏன்டி, சாயங்காலம் கொலுவுக்கு நாலு பேர் வரா. லேக் மார்க்கெட்ல இறங்கி வெத்தலை வாங்கிண்டு வந்துடு. இங்க இருக்கறதெல்லாம் வாடிக் கெடக்கு."

"லேப்ல இருக்கேம்மா."

"எப்பதான் இல்லே நீ?"

போனை வைத்துவிட்டுக் கையுறையை மாற்றினேன். எதில் விட்டோம் என்று தாளைப் பார்த்தேன். காற்றுச் சோதனைக்கு நேரே டிக் இருந்தது. அடுத்த வரிக்குப் போனேன்.

செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு சாகாமல் இருக்கத் தினமும் கொஞ்சத்தை நாமே வெளியே எடுத்துவிடுவது வழக்கம். அஷ்டமி அன்று எண்ணிக்கை இறங்கியதும், அதிகமாக எடுத்துவிட்டேன் போல என்று நினைத்து அளவைக் குறைத்தேன். நவமி அன்று எடுப்பதையே நிறுத்தினேன். வெளியேறும் திரவம் சேரும் பாட்டிலை நான் பார்க்கவில்லை. அதில் இருப்பதற்கு வெளிச்சம் ஆகாது என்று அவள் அலுமினியத் தாளைச் சுற்றி, மேலே 'பிரிக்காதே' என்று எழுதியிருந்தாள்.

"என் பிள்ளைங்க எப்படி இருக்காங்க?" என்று ஊரிலிருந்து செய்தி அனுப்பினாள்.

"கொஞ்சம் குறைஞ்சிருக்காங்க. சரி பண்றேன்."

"நீ இருக்கும்போது எனக்கென்ன கவலை."

திரும்பி வந்ததும் அவள் முதலில் என் கையில் ஒரு ஸ்டீல் டப்பாவைக் கொடுத்தாள். அவள் அம்மா எனக்கென்று பிடித்துக் கொடுத்த தேங்காய் உருண்டைகள். "சுபோ பிஜோயா" என்று விஜயதசமி வாழ்த்துச் சொல்லிக் கட்டிக்கொண்டாள். பிறகு எண்ணிக்கைகளைப் பார்த்தாள். குனிந்து பாட்டிலின் தாளைக் கிழித்தாள்.

தெளிவாக இருக்க வேண்டிய திரவம் கஞ்சித் தண்ணீர்போல் கலங்கியிருந்தது. செல்கள் எல்லாம் அங்கே இருந்தன.

"காத்துச் சோதனை பண்ணினியா?"

"டிக் போட்டிருக்கேன்."

"அதைக் கேக்கலை. பண்ணினியா?"

அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவு வந்தது. இல்லை என்றேன்.

அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கிழித்த தாளை மடித்து மடித்துச் சின்னதாக்கிக் குப்பையில் போட்டாள். பிறகு பம்பை நிறுத்தினாள். ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

மறுநாள் எங்கள் ஆய்வு வழிகாட்டியிடம் நடந்ததை நானே சொன்னேன். அவர் என் தாளை வெகுநேரம் பார்த்தார். "இதை நம்பித்தானே நானும் தினமும் கையெழுத்துப் போட்டேன்" என்றார். கலனை வாங்கப்போகிற குழுவிடம் இன்னும் இரண்டு மாதம் கேட்டார். அவர்கள் தரவில்லை.

இப்போது நிலைமை இது. அந்தக் கலனில் வேறு குழுவின் செல்கள் வளர்கின்றன. தொடக்கத்தில் அவள் எடுத்துவைத்த செல்கள் சில குப்பிகளில் உறைந்திருக்கின்றன, யாரும் கேட்கவில்லை. அவள் ஆய்வேட்டை முடிக்காமல் ஊருக்குப் போய் ஒரு பள்ளியில் அறிவியல் நடத்துகிறாள். நான் அழைத்தால் எடுப்பதில்லை. டப்பா என்னிடம் இருக்கிறது. இப்போதெல்லாம் வேலையைச் செய்த பிறகுதான் டிக் போடுகிறேன்.