சின்னம்மா வெட்டிய சொற்கள்

சிறுபிள்ளைகள் முதன்முதலாக எழுத்துக்கூட்டி வாசிக்கும் புத்தகங்களைச் செப்பனிடுவதிலேயே என் உத்தியோக காலம் முழுவதும் கழிந்தது. இந்த வேலையை யாரிடம் பழகினீர்கள் என்று கேட்பவர்களிடம் சின்னம்மாவைச் சொல்வேன். அவருடைய புத்தகத்தை நான் என்ன பாடு படுத்தினேன் என்பதை மட்டும் சொல்வதில்லை.

அப்போது நாங்கள் வயல் செய்ய முரசுமோட்டைக்குக் குடிவந்து இரண்டு போகம் முடிந்திருந்தது. பள்ளிக்கூடம் தூரம் என்று என்னை இன்னும் சேர்க்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்துக்குப் பாலபாடம் தயாரித்துக்கொண்டிருந்த அம்மாவின் தங்கை, ஒரு கட்டுத் தாளோடும் சிவப்புப் பென்சிலோடும் பஸ்ஸில் வந்து இறங்கினார். எழுத்து மட்டும் தெரிந்து, வாசிக்கத் தெரியாத பிள்ளை ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது. பட்டணத்துப் பிள்ளைகள் எல்லாம் வாசித்துத் தள்ளுகின்றனவாம். "இது நல்ல மொக்கு, ஒண்டும் வாசிக்கத் தெரியாது. இதுதான் எனக்கு வேணும்" என்று என்னைக் கட்டிக் கொஞ்சினார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வாய்க்கால் கரையில், மருதமரத்தின் கீழ், பாயை விரித்து என் முன்னால் ஒரு தாளை வைப்பார். நான் வாசிக்க வேண்டும். எந்தச் சொல்லில் நான் திக்கித் தடக்கினாலும் பிழை சொல்லில்தான், பிள்ளையில் இல்லை என்பது அவருடைய கட்சி. அந்தச் சொல்லைச் சிவப்புப் பென்சிலால் வெட்டிவிட்டு, பக்கத்தைப் புதிதாக எழுதி, மறுநாள் திரும்பவும் வாசிக்கத் தருவார். முழுப் புத்தகத்தையும் நான் தடக்காமல் வாசித்தால் வேலை முடிந்தது. பிறகு அவர் யாழ்ப்பாணம் போய்விடுவார்.

அங்கேதான் வில்லங்கம். அண்ணா புத்தகத்தை விரித்துக் கத்திப் படிப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்து, நான் எப்போதோ வாசிக்கப் பழகியிருந்தேன். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. சின்னம்மா வந்த பிறகு சொல்ல மனம் வரவில்லை. அவர் சீப்பெடுத்துத் தலை இழுத்துவிட்டால் நோகாது. நான் கேட்கும் கேள்விக்கெல்லாம் மறுமொழி சொல்வார். அவர் போய்விட்டால் நான் என்ன செய்வேன்?

ஆகவே தடக்கினேன். மனமாரத் தடக்கினேன். 'வண்ணாத்திப்பூச்சி' என்ற சொல்லில் இரண்டு நாள் படுத்தேன், பூச்சி பறந்துபோயிற்று. 'தாத்தா சந்தைக்குப் போனார்' என்பதில் முதலில் சந்தை போயிற்று, பிறகு தாத்தாவும் போனார். இரணைமடுக் குளத்துத் தண்ணீர் வாய்க்காலில் சலசலத்துக்கொண்டே இருக்கும். இலைகளுக்கிடையால் விழும் வெயில் தாளில் அசைய, எழுத்துகள் மெல்ல நீந்தும். நான் வாசிப்பை விட்டு நித்திரையாகிப்போனால் சின்னம்மா எழுப்ப மாட்டார். கண் விழிக்கும்போது ஓடுகிற தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். எத்தனை மத்தியானங்கள் அப்படிப் போயின என்று தெரியவில்லை. எல்லாம் சேர்ந்து ஒரே நீண்ட மத்தியானமாகத்தான் என் ஞாபகத்தில் இருக்கின்றன.

பெரிய மாமா எழுதும் கடிதங்களை அம்மா உரத்து வாசிப்பார். ஓவசியர் உத்தியோக மாப்பிள்ளை ஒன்று பொருந்தி வந்திருக்கிறது, வேலை முடிந்த கையோடு தங்கச்சியை அனுப்பிவைக்கவும் என்று ஒவ்வொன்றிலும் இருக்கும். "புத்தகம் முடியட்டும் அக்கா" என்பார் சின்னம்மா. அது முடிந்தால்தானே என்று எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரும்.

ஒருநாள் என் ஐயா தாள்களை வாங்கிப் பார்த்தார். மழை. குளம். மீன். பக்கத்துக்கு ஒரு சொல்தான் மிஞ்சியிருந்தது. "இதை வாசிக்கப் பிள்ளை எதுக்கு? எங்கடை நாம்பன் மாடே வாசிச்சுப்போடும்" என்றார்.

அந்தக் கிழமையே பெரிய மாமா நேரில் வந்து இறங்கினார். "குமர்ப்பிள்ளையைக் காட்டுக்குள்ளை வைச்சுக்கொண்டு என்ன விளையாட்டு இது?" என்று அம்மாவை ஏசிவிட்டு, என் கையில் ஒரு சரை பருத்தித்துறை வடையைத் தந்தார். பத்திரிகைத் தாளில் சுற்றிய சரை. வடையைக் கடித்துக்கொண்டே தாளை விரித்து, "கடலில் கடுங்காற்று, வள்ளங்கள் கரை திரும்பவில்லை" என்று ஒரே மூச்சில் உரத்து வாசித்தேன். வாசித்து முடித்த பிறகுதான் தாளைக் கசக்கி முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"அட கள்ளி! இவள் நல்லா வாசிக்கிறாளே!" என்று துள்ளிய மாமா சின்னம்மாவின் பக்கம் திரும்பினார். "பிறகென்ன, வேலை முடிஞ்சுது. வெளிக்கிடு பிள்ளை, காலமை பஸ்ஸுக்குப் போவம்."

சின்னம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். பொய்க்காரி என்று என்னை வெறுத்துவிட்டாரே என்று நானும் குழறி அழுதேன். "இனி உண்மையாத் தடக்குவன் சின்னம்மா, போகாதேங்கோ" என்றேன். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள், சின்னம்மாவைத் தவிர.

பிறகு நானும் இந்தத் தொழிலுக்கு வந்து, எத்தனையோ பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி வாசிக்கக் கேட்டேன். உண்மையாகத் தடக்கும் பிள்ளை எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காது. நடிக்கும் பிள்ளை ஒவ்வொரு தடவையும் எங்கள் முகத்தைப் பார்க்கும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு கிழமைகூடத் தேவைப்படவில்லை. நானோ அந்த வாய்க்கால் கரையில் ஒவ்வொரு சொல்லிலும் சின்னம்மாவின் முகத்தைத்தான் பார்த்தேன். என் கள்ளம் அவருக்கு முதல் நாளே தெரிந்திருக்கும். தெரிந்துகொண்டுதான், அந்த ஓவசியரைக் கட்ட மனமில்லாமல், சொல் சொல்லாக வெட்டிக்கொண்டு இருந்திருக்கிறார். நான் வடையைத் தின்றுகொண்டு அவரைப் பஸ் ஏற்றிவிட்டேன்.