பச்சை வேண்டாம் என்றவர்

தோட்டத்து ஒஃபீஸின் தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேசையில் என் மடிக்கணினி. திரையில், எச்சரிக்கை போய்ச் சேர்ந்த தொழிலாளர் லயத்து வீடுகள் வரிசையாக ஒவ்வொன்றாய்ப் பச்சை நிறமாகிக்கொண்டு வந்தன. கடைசி வரியும் பச்சையானதும் வெல்பெயார் ஐயா நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "பாத்தீங்களா புள்ள, எல்லாருக்கும் சொல்லியாச்சு" என்றார். தோட்டத்துக் குடும்பங்களின் நலன் பார்க்கும் உத்தியோகத்தர் அவர். நான் ஜன்னல் வழியே மேலே பார்த்தேன். மேட்டு லயத்தில் வழக்கம்போல அடுப்புப் புகை. ஒரு கதவும் திறக்கவில்லை. அந்த லயத்தில்தான் என் அம்மா இருந்தார். அவர் இருந்த காம்பரா, அந்த ஒற்றை அறை வீடு, இன்று மண்ணுக்குள் இருக்கிறது.

தெஹியோவிட்டைக்கு மேலே உள்ள றப்பர் தோட்டம் அது. நான் பிறந்ததும் அங்கேதான். படித்து, கொழும்பில் மென்பொருள் வேலைக்குப் போனவள் என்பதால், மண்சரிவு எச்சரிக்கைக்கு ஒரு செயலி வேண்டும் என்று தோட்டத்தை நிர்வகிக்கும் துரை கேட்டபோது வேலை என் தலையில் விழுந்தது. இப்போதெல்லாம் நிரலை நாங்கள் கையால் எழுதுவது குறைவு. செயற்கை நுண்ணறிவிடம் சொன்னால் அது நொடியில் எழுதித் தரும். எது வேண்டும் என்று பிசகாமல் சொல்வதும், எழுதித் தந்தது அதுதானா என்று சோதித்துப் பார்ப்பதும்தான் எங்கள் பிழைப்பு. வெல்பெயார் ஐயா எனக்குத் தந்த தேவைப்பட்டியல் மொத்தம் ஒரு வசனம். "கடும் மழை பெஞ்சா லயத்து ஆளுங்க எல்லாருக்கும் சொல்லணும். அவ்வளவுதான்."

கடும் மழை என்றால் எவ்வளவு என்று கேட்டேன். "கடும் மழைன்னா கடும் மழைதான். நீங்க தோட்டத்துல பொறந்த புள்ளதானே?" என்று சிடுசிடுத்தார். நானும் லேசில் விடுகிற ஆள் இல்லை. ஒஃபீஸ் வாசலில் இருந்த மழைமானியைக் காட்டி, எந்தக் கோட்டைத் தாண்டினால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று கேட்டுக் கேட்டு அவரை ஒரு வழி பண்ணினேன். கடைசியில் ஒரு கோட்டில் விரலை வைத்தார். மழைக்காக அத்தனை சண்டை போட்ட எங்களுக்கு, "சொல்லணும்" என்ற சொல்லில் சண்டை போட எதுவுமே தெரியவில்லை. வீடு வீடாகப் போய்த் தொலைபேசி எண் வாங்கி வந்தவர் அவரேதான். அதில் அவருக்கு நிறையப் பெருமை.

அன்று அந்தப் பச்சைத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது, என் கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். "மேட்டு லயம். உங்கள் வீட்டைவிட்டு உடனே வெளியேறவும்."

அம்மாவுக்குப் போக வேண்டிய செய்தி என் கையில் இருந்தது. தொலைபேசியை வெல்பெயார் ஐயாவிடம் நீட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை, ஏனென்றால் அது எங்கள் தோட்டத்து வழக்கம். ஒஃபீஸிலிருந்து எண் கேட்டால் கொழும்பில் கடையிலோ வீட்டிலோ வேலை செய்யும் பிள்ளையின் எண்ணைக் கொடுப்பார்கள். வருகிற செய்தி சிங்களத்திலோ இங்கிலீஷிலோ இருக்கும், பிள்ளை படித்துவிட்டு வீட்டுக்கு எடுத்துச் சொல்லும். மேட்டு லயத்துக்கான எச்சரிக்கை அத்தனையும் அந்த நேரத்தில் கொழும்புக் கடைகளின் மேசை லாச்சிகளுக்குள் கிடந்து அதிர்ந்துகொண்டிருந்தது.

குடையைக்கூட எடுக்காமல் அவர் ஓடினார். பின்னாலேயே நானும். கதவு கதவாகத் தட்டி, கத்தி, சனத்தைக் கீழே சர்ச் மண்டபத்துக்கு இறக்கினோம். அன்று மண் சரியவில்லை. வெயில் வந்ததும் எல்லாரும் அவரைத் திட்டிக்கொண்டே ஏறிப் போனார்கள். அதில் என் அம்மாவின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

அதன் பிறகு அவர் வேறு ஆள். கேள்விகளை அவரே கேட்க ஆரம்பித்தார். "சொல்லியாச்சுன்னா என்ன புள்ள? போனை எடுத்தா போதுமா? கொழும்புல மகன் எடுத்தாலும் எடுத்ததுதானே. பட்டன அமத்தினா? சின்னப் புள்ள வெளையாட்டுக்கு அமத்தும்." பேசிப் பேசிக் கடைசியில் ஒரு நிபந்தனைக்கு வந்தோம். வீட்டில் இருந்தவர்கள் சர்ச் மண்டபத்தில் வெல்பெயார் ஐயாவுக்கு நேரே வந்து நிற்க வேண்டும். அவர் அங்கே நின்றபடி தன் தொலைபேசியில் பதிய வேண்டும். அதுவரை அந்த வீடு திரையில் இருக்க வேண்டும். வந்துவிட்டால் பச்சையாக்கலாம் என்றேன். அவர் மறுத்துத் தலையை ஆட்டினார்.

"பச்சை வேணாம்மா. பச்சையப் பாத்தா நான் உக்காந்துருவேன். வராதவங்க மட்டும் தெரியட்டும்."

புதிய நிரலை ஏமாற்றிப் பார்க்கும் வேலையை அவரிடம் கொடுத்தேன். குஷியாகிவிட்டார். ஒஃபீஸில் இருந்துகொண்டே மண்டபத்தில் இருப்பதுபோலப் பதிந்து பார்த்தார், தொலைபேசியை அணைத்துப் பார்த்தார், எதுவும் பலிக்கவில்லை. ஒரு நாள் எதையும் பதியாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் ஒரு வீடு தானாக மறைந்தது. வெகுநேரம் பதில் இல்லாத வீட்டை நீக்கிவிடலாம் என்று நிரல் எழுதிய இயந்திரம் தன் பாட்டுக்கு ஒரு வரி சேர்த்திருந்தது. "பதில் சொல்லலன்னா ஆளே இல்லன்னு அர்த்தமா?" என்று என்மேல் பாய்ந்தார். அந்த வரியை எடுத்தோம். யார் என்ன மாற்றினாலும் அது திரும்ப வராதபடி அதற்கும் ஒரு சோதனை எழுதி வைத்தோம்.

அடுத்த மழைக்காலத்தில் நான் கொழும்பில் வேலையில் இருந்தேன். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு என் மடிக்கணினியில் எச்சரிக்கைத் திரை தானாகத் திறந்துகொண்டது. மேட்டு லயம் முழுவதும் வரிசையாக நின்றது. ஒவ்வொன்றாக மறைந்து, கடைசியில் ஒரே ஒரு வரி மிஞ்சியது. அம்மாவின் காம்பரா. வெல்பெயார் ஐயா அழைத்தார்.

"உங்கம்மா மட்டுந்தான் புள்ள. கோழியப் புடிச்சிட்டுத்தான் வருவேன்னு நிக்கிறாங்களாம். பின்னால மண்ணு அசையுது. நான் போறேன்."

போகாதீங்க என்று நான் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? போங்க என்றும் வாய் வரவில்லை. இணைப்பு அறுந்தது.

வெல்பெயார் ஐயா போன வருடம் மாரடைப்பில் இறந்துவிட்டார். மரண வீட்டில் எல்லாரும் அவருடைய நல்ல குணத்தைப் பற்றியே பேசினார்கள். எனக்கோ அந்தப் பகல்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. திரையில் அந்த ஒற்றை வரி நின்றது. அது நேரம் போனால் மறையாது, வேறு யார் அமத்தினாலும் மறையாது, நாங்கள்தான் அப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்திருந்தோம். அது மறைய வேண்டுமென்றால் அம்மா மண்டபத்தில் நிற்க வேண்டும், அவருக்கு எதிரே வெல்பெயார் ஐயாவும் நிற்க வேண்டும். இருவரில் ஒருவர் திரும்பாவிட்டாலும் அது அப்படியே இருக்கும். நான் இமைக்கக்கூடப் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரை வெறுமையானது.

நான் சத்தமாக அழுதேன். பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து என் வெற்றுத் திரையைப் பார்த்துவிட்டு, "என்ன, எல்லாம் அழிஞ்சிருச்சா?" என்று பதறினார்.

"இல்ல. ரெண்டு பேரும் வந்துட்டாங்க" என்றேன்.