திங்கட்கிழமை வீடு பார்க்கப் போனேன்

காலை 8.10. வாணியம்பாடியிலிருந்து ஏறக்குறைய 145 கிலோமீட்டர் ரயிலில் வந்து கிருஷ்ணராஜபுரத்தில் இறங்கினேன். பெங்களூரில் வீடு வாங்க வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவார்கள். தரகர்களும் அன்றைக்குத்தான் கூப்பிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பெங்களூர், கல்யாணத்துக்குக் கிளம்பிய ஆள் போல இருக்கும். எனக்கு அது வேலைக்கு ஓடும் கோலத்தில் வேண்டும். வேண்டுமென்றே திங்கட்கிழமை வந்தேன்.

ஊரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். முட்டி ஒத்துழைக்கவில்லை, இந்த ஆண்டோடு மூடப்போகிறேன். மனையை விற்ற பணத்தில் ஒரு வீடு வாங்கி வாடகைக்கு விட்டால், அதற்குப் பிறகு என் சாப்பாடு அந்த வாடகையில்தான். வீடு காலியாகக் கிடந்தால் அடுப்பும் காலி.

9.15. வைட்ஃபீல்ட். மெட்ரோவிலிருந்து இரண்டரை கிலோமீட்டர். இங்கே ஐ.டி.யில் வேலை செய்யும் என் தம்பி பாலு ஏற்பாடு செய்த ஃபிளாட்: ஒன்பதாவது மாடி, இரண்டு படுக்கையறை, 84 லட்சம், வாடகை 34,000. தரகர் மஞ்சுநாத் நீச்சல் குளத்தைக் காட்டினார்.

“மேடம், ஸ்வல்ப யோசிச்சுப் பாருங்க, இந்த வியூ எங்க கிடைக்கும்? நாலு மணிக்குள்ள டோக்கன் அட்வான்ஸ் போட்டுடுங்க. இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க.”

“வியூவை வாடகைக்காரங்க பார்த்துக்கட்டும். நான் கீழ போய்ட்டு வரேன்.”

கேட்டுக்கு வெளியே, தகரக் கூரைக்குக் கீழே, தருமபுரிக்காரர் ஒருவர் சட்டைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். எட்டு வருடமாக அதே இடமாம்.

“எல்லாரையும் தெரியுமாண்ணா?”

“ஃபிளாட் நம்பர்தான்மா தெரியும். பேரு மனசுல நிக்கறதுக்குள்ள காலி பண்ணிட்றாங்க. வெயில் காலத்துல டேங்கர் தண்ணிக்குச் சண்டை. ஆபீஸ் மாறினா ஆளும் மாறிடுவாங்க.”

ரயில் டிக்கெட்டின் பின்புறம் அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். ஜனங்கள் போகிற போக்கில் சொல்வதை விட்டுவிட எனக்கு மனசு வராது.

10.05. மெட்ரோவுக்கு ஆட்டோ, 150 ரூபாய். இரண்டரை கிலோமீட்டருக்கு நாற்பது நிமிடம். “இதுக்குப் பேரு ரோடாண்ணா?” என்றேன். “பார்க்கிங் மேடம். நடந்தா சீக்கிரம் போயிடலாம், ஆனா நடக்க எடம் விடலயே!” என்று சிரித்தார் ஓட்டுநர். என் வாடகைக்காரர் தினமும் இதில்தான் போகவேண்டும். மஞ்சுநாத் இதைக் காட்டவில்லை.

12.30. ஜோகுபாளையம். அல்சூர் மெட்ரோவிலிருந்து பத்து நிமிட நடை. கடைக்கு வரும் டீச்சர் ஒருவர் சொன்ன வீடு. இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, 650 சதுர அடி, 68 லட்சம். வாடகை 23,000. தெருவுக்குள் கார் நுழையாது. சாக்கடை வாடையும் உண்டு, மறைப்பானேன்.

தெருமுனையில் இஸ்திரி வண்டி. செல்வி என்று பெயர் சொன்னார். அந்த வீட்டைக் கை காட்டினேன்.

“ரெண்டாவது மாடியா? நர்ஸ் பொண்ணுங்க ரெண்டு பேரு இருக்காங்கக்கா. அஞ்சு வருஷமாச்சு. ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிடுவாங்க. ஒருத்தி கல்யாணமாயிப் போனா, அவ தங்கச்சி வந்து உக்காந்துக்கிட்டா!”

“மழை வந்தா?”

“பொய் சொல்ல மாட்டேன். கீழ் வீட்டு வாசப்படி வரைக்கும் தண்ணி நிக்கும். காவேரித் தண்ணி ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். ஆனா யாரும் போறதில்லக்கா.”

“வீட்டுக்காரர் ஏன் விக்கறார்?”

“இதே தெருவுலதான் இருக்கார், இப்ப ஓசூர்ல பொண்ணு வீட்டுக்குப் போறார். அவரோட பத்து சட்டை என் கிட்ட இருக்கு, வாங்காம போகமாட்டார்!”

3.40. பாலுவுக்கு போன் செய்தேன். டோக்கன் போடவில்லை, ஜோகுபாளையம் வீட்டின் பத்திரத்தை வக்கீலிடம் காட்டப்போகிறேன் என்றேன். இஸ்திரிக்காரர்கள் சொன்னதையும் வாடகையையும் சொன்னேன்.

“அக்கா! அயர்ன்காரங்க பேச்சைக் கேட்டா வீடு வாங்குவாங்க? மாசம் பதினோராயிரம் கம்மி! என் ஃப்ரெண்ட்ஸ் கேட்டா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும்டா. அவங்கல்லாம் எங்க இருக்காங்க?”

“வைட்ஃபீல்ட்லதான்.”

“நாலு வருஷத்துல ஆளுக்கு எத்தனை வீடு மாத்தினாங்க?”

“...மூணு.”

“அந்த மூணு வீட்டுக்காரங்களும் ஆள் தேடி உக்காந்திருந்தாங்களே, அவங்க சிரிச்சாங்களா?”

நான்கு மணிக்கு மஞ்சுநாத் அழைத்தார். “நாளைக்கு வருத்தப்படுவீங்க மேடம்.” “வருத்தப்பட்டா நானே பட்டுக்கறேன். அந்த இன்னொரு பார்ட்டியை இன்னிக்கே கூட்டிட்டு வாங்க, திங்கட்கிழமைதானே” என்று வைத்துவிட்டேன்.

5.30. கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். பங்காருப்பேட்டை தாண்டும்போது பாலுவிடமிருந்து ஒரு வக்கீலின் எண் வந்தது. கூடவே, ‘வில்லங்கம் மட்டும் ஒழுங்கா பாரு.’ பார்ப்பேன். பத்திரம் சரியில்லையென்றால் அந்தத் தெருவிலேயே வேறு வீடு தேடுவேன்; தெருவை மாற்றமாட்டேன்.

வாணியம்பாடியில் நான் இருப்பதும் வாடகை வீடுதான், இருபத்திரண்டு வருடமாக. சுவரில் ஓதம், ஜன்னல் ஒன்று சாத்தாது. ஆனால் கடைக்கு ஐந்து நிமிடம் நடந்தால் போதும். எதிர் வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வெளியூர் போகலாம். சென்னையில் இருக்கும் வீட்டுக்காரருக்கு, நான் ஏன் இன்னும் காலி செய்யவில்லை என்பது தெரியாது. அவர் ஒருநாளும் கேட்டதில்லை. நான் வாங்குவதற்கு முன்பே அதைக் கேட்டுவிட்டு வருகிறேன்.