மடு மண்ணும் கொதிக்காத தண்ணீரும்

என் அக்காவுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. கேட்டால் அவளுக்குத்தான் ரோசம் வரும். எட்டு வயது மகளுக்கு மாதம் தவறாமல் காய்ச்சல், இல்லாவிட்டால் வயிற்றோட்டம். பிள்ளை கடற்கரையில் நாய்களோடு விளையாடிவிட்டு வந்து, கழுவாத கையால் பாணைப் பிய்த்துத் தின்னும். லண்டனிலிருந்து வந்த சவுக்காரம் விருந்தாளிக்காக அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கும். அத்தானின் வள்ளத்தில் வரும் நல்ல மீனெல்லாம் விற்பனைக்குப் போகும், பிள்ளைக்கு பிஸ்கட். படுப்பதோ தாய் பார்க்கும் நாடகமெல்லாம் முடிந்த பிறகு.

"இவளுக்கு எதிர்ப்புச் சக்தி காணாது," என்று பெரிய டொக்டர் மாதிரிச் சொல்வாள். எங்கிருந்து வரும், ஆகாயத்திலிருந்தா?

அதற்கும் ஒரு வைத்தியம் பிடித்தாள். மடு மாதா கோவில் திருவிழாவுக்குப் போனவள், எல்லோரையும் போல, நோய் தீர்க்கும் என்று கோவில் மண்ணில் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். காலையில் அதில் ஒரு சிட்டிகையைக் கிணற்றுத் தண்ணீரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பாள். மாதாவை நானும் நம்புகிறவள்தான். அந்தக் கிணற்றை நம்பமாட்டேன். மழை பெய்தால் வளவு ஊத்தை முழுவதும் அதற்குள்தான் இறங்கும்.

"அக்கா, கொதிக்க வைச்சுக் குடுங்கோ," என்றேன்.

"உனக்கென்ன விசரே? மடு மண் போட்ட தண்ணியை ஆரும் கொதிக்க வைப்பினமே? மாதா கோவிப்பா."

"அப்ப தண்ணியை முதல்ல கொதிக்க வையுங்கோ. ஆறினாப் பிறகு மண்ணைப் போடுங்கோ."

"எனக்கு இருக்கிற அடுப்பு வேலை காணும். நீ உன்ர வேலையைப் பார்."

கெடுகுடி சொல் கேளாது.

பிள்ளை அந்த வருடம் கோவிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்காகக் காத்திருந்தாள். செபங்களெல்லாம் மனப்பாடம். வெள்ளைச் சட்டையைப் போட்டுப் போட்டுக் கண்ணாடி பார்ப்பாள். புதுநன்மைக்கு முதல் நாள் காலையிலேயே வாந்தியும் வயிற்றோட்டமும் தொடங்கிவிட்டன. மற்றப் பிள்ளைகள் வரிசையாய் நின்று நன்மை வாங்கிய நேரம், இவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சேலைன் ஏற்றிக்கொண்டு கிடந்தாள்.

"தண்ணி கொதிக்க வைச்சுத்தானே குடுக்கிறனீங்கள்?" என்று தாதி கேட்டாள்.

"ஓம், ஓம்," என்றாள் அக்கா, கண்ணும் சிமிட்டாமல். எனக்குச் சீ என்று போய்விட்டது.

பிள்ளை என் கையைப் பிடித்தாள். "சித்தி, மாதாவுக்கு என்னில கோவமோ? முந்தநாள் மண் தண்ணியில பாதியைக் குடிக்காமல் ஊத்திப்போட்டன்."

அக்கா அவளின் நெற்றியைத் தடவினாள். "இனி ஊத்தாதையம்மா."

எனக்குத் தலைக்கேறியது. தாதிக்கும் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன்.

"மாதாவுக்கு உன்னில ஒரு கோவமும் இல்லை, பிள்ளை. அந்தக் கிணத்துத் தண்ணியை நீ முழுக்க ஊத்தியிருக்கோணும்."