முன் மேசையில் உரிந்த முகம்

பிள்ளைகளே, நாற்பது வயதிலும் என் தாடையோரம் பரு வந்துகொண்டிருந்தது உங்களுக்குத் தெரியும். சேவ் எடுக்கும்போதெல்லாம் இரத்தம் வரும். கடைசியில் கொட்டாஞ்சேனையில் ஒரு தோல் டொக்டரிடம் போனேன். பருவுக்குப் பூசும் ரெட்டினொயிட் கிறீம் ஒன்று தந்தார்.

"ஒரு பட்டாணி அளவு காணும். கிழமையில மூண்டு இரவு மட்டும். முதல்ல சிவக்கும், உரியும், பரு கூடினாலும் கூடும். பயப்பிடாதேங்கோ."

நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நான் விட்ட பிழைக்குக் காரணம் படிப்புக் குறைவு அல்ல, அவசரம். தலையிடிக்குத் தைலம் தேய்ப்பதுபோல ஒவ்வொரு இரவும் முகம் முழுக்க அழுத்தித் தேய்த்தேன். ஐந்தாம் நாள் முகம் கொதித்தது. வாயோரம் வெடித்தது. கன்னத்துத் தோல் வெங்காயச் சருகுபோல எழும்பி நின்றது. தண்ணீர் பட்டாலே எரிந்தது.

அந்த முகத்தோடுதான் வெள்ளவத்தைப் புடவைக் கடைக்கு வேலைக்குப் போனேன். முன் மேசையில் சேலை விரித்துக் காட்டுவது பதினொரு வருடமாக என் வேலை. வயதான ஒரு பெண்மணி கையில் எடுத்த சேலையை மெல்லக் கீழே வைத்தார்.

"தம்பிக்கு அம்மாள் வருத்தமோ? வீட்டில சின்னப் பிள்ளையள் இருக்கு." அம்மை நோய் என்று நினைத்துவிட்டார்.

முதலாளி என்னை ஒதுக்கிக் கூப்பிட்டார். "ஐசே, அந்தக் கிறீமை விடும். இல்லாட்டி மேல ஸ்டோர்ஸில போய் நில்லும். நாப்பது வயசில ஆருக்கு வடிவு காட்டப் போறீர்?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள். மாடியில் சரக்கு அடுக்கும் அந்த ஸ்டோர்ஸுக்குப் போன ஒருவரும் முன் மேசைக்குத் திரும்பி வந்ததை நான் கண்டதில்லை.

"எனக்குத்தான், முதலாளி," என்றேன். "இது தொத்தாது. வேணுமெண்டால் டொக்டரோட கதையுங்கோ. கிறீமையும் விடமாட்டன், மேசையையும் விடமாட்டன்."

திரும்பிப் போய் மேசையில் அந்தப் பெண்மணியின் முன்னால் நின்றேன்.

"அன்ரி, இது அம்மாள் இல்லை. பருவுக்குப் பூசின மருந்து. கூடப் பூசிப்போட்டன்."

"எவ்வளவு பூசினீர்?"

"முகம் முழுக்க. ஒவ்வொரு நாளும்."

"விசரே உமக்கு?" அவர் சிரித்துவிட்டார். "சரி, அந்த மெரூனை விரியும், பாப்பம்."

முதலாளி தன் கல்லாவுக்குத் திரும்பிப் போனார். அடுத்த நாள் டொக்டரிடம் முகத்தைக் காட்டினேன்; அவர் சொன்னதால் கிறீமை ஒரு கிழமை நிறுத்தினேன். முதலாளி சொன்னதால் அல்ல. பிறகு பட்டாணி அளவோடு, ஈரம் காக்கும் கிறீமும் சேர்த்து மறுபடி தொடங்கினேன். இன்னும் பல கிழமை உரிந்தது. அத்தனை நாளும் முன் மேசையில் நின்றுதான் உரிந்தேன்.