ஜன்னலோர வரிசைக்குக் கேட்காத தேற்றம்

பத்தாம் வகுப்பில் எனக்குக் கணக்குப் பாடம் இரண்டு இடங்களில் நடந்தது. பகலில் கருமத்தம்பட்டிப் பள்ளிக்கூடத்தில். சாயங்காலம், தறிச் சத்தம் ஓயாத எங்கள் தெருவிலேயே ஒரு டீச்சர் வீட்டு டியூஷனில்.

காலாண்டுத் தேர்வு முடிந்ததும் கணக்கு சார், பாஸானால் போதும் என்று தான் கணித்தவர்களை ஜன்னலோர வரிசைக்கு மாற்றினார். அதில் நானும் ஒருத்தி. நல்ல மனிதர், எங்களைத் திட்டியதே இல்லை. சின்னக் கேள்வியாகக் கேட்பார். நாங்கள் வாயைத் திறப்பதற்குள் அவரே பதிலைச் சொல்லி, "செரி, உக்காரு கண்ணு" என்பார். நடு வரிசையில் கேட்டால் மட்டும் சாக்பீஸை உருட்டியபடி காத்திருப்பார். தப்பாகச் சொன்னாலும் விடாமல் தோண்டித் தோண்டிக் கேட்பார்.

டியூஷன் டீச்சரோ என் மார்க்கை விசாரிக்கவே இல்லை. முதல் நாளே ஒரு தேற்றத்தைக் கொடுத்து, "யோசிச்சிட்டு இரு அம்மணி, குக்கர் வெச்சுட்டு வாரேன்" என்று உள்ளே போய்விட்டார். திரும்பி வந்தபோது நான் இரண்டு வரி எழுதியிருந்தேன். "ம், அப்புறம்?" என்றார்.

அதே பாடம், அதே நான். இங்கே ஓடுகிற மூளை அங்கே ஏன் நின்றுபோகிறது? யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, ஒரு மதியம் சாரிடமே கேட்டேன்.

"ஏனுங்க சார், எங்க வரிசைல மட்டும் தேற்றமே கேக்க மாட்டேங்கறீங்களே?"

டிபன் பாக்ஸை மூடப்போனவர் அப்படியே நின்றார். "தெரியாம நின்னா மத்ததுக சிரிக்குமேன்னு விட்டுப்போட்டேன் கண்ணு."

மறுநாள் என் பக்கத்தில் இருந்தவளை எழுப்பித் தேற்றத்தைக் கேட்டார். அவள் பெஞ்சின் விளிம்பைச் சுரண்டினாள். சார் பதில் சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். அவளைவிட அவர்தான் தவித்தார். யாரோ சிரித்தார்கள், கையைக் காட்டி அடக்கினார்.

"ரெண்டு முக்கோணமும் வடிவொத்ததுங்க சார்" என்றாள் அவள், மெதுவாக.

"எப்படிச் சொல்றே?"

அவள் முழுவதையும் சொன்னாள். எனக்கே திகைப்பாக இருந்தது. மணி அடித்ததும், "உனக்கு எப்படிடீ தெரியும்?" என்றேன்.

"நடு வரிசைக்குச் சொல்றப்ப எனக்கும் காது கேக்குமில்ல?"

பொதுத்தேர்வில் அவள் என்னைவிட அதிக மார்க் வாங்கினாள். டியூஷனுக்கே போகாதவள்.