பன்னிரண்டாவது வளைவரை

மாநாட்டுக் கூடத்தின் தேநீர் அறையில், யாரும் சொல்லாமலே டீச்சர் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவியதையே மறுபடியும் கழுவினாள். மனசு குறுகுறுக்கிறவர்கள் செய்யும் வேலை அது.

சிறிய கல்லூரி ஒன்றில் இருபத்திரண்டு வருஷமாகக் கணிதம் சொல்லிக்கொடுப்பவள். அதனால் குழுவில் அவளுக்கு டீச்சர் என்றே பெயர். எண் கோட்பாடும் இயற்கணித வளைவரைகளும் பற்றிய இந்த மாநாட்டில் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது. ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு ஒரு கேள்வி. ஐந்து நாளில் கூடி விடை தேட வேண்டும். கட்டுரையில் எல்லார் பெயரும் அகர வரிசையில் வரும். யார் உழைத்தார், யார் ஓசியில் ஏறினார் என்று வெளியே தெரியாது.

அவர்களுக்குக் கிடைத்தவை பத்தொன்பது வளைவரைகள். கண்ணில் படுகிற இரண்டு புள்ளிகளைத் தவிர, முழு எண்ணிலோ பின்னத்திலோ அமையும் புள்ளி எதுவும் அவற்றின்மேல் இல்லை என்று காட்ட வேண்டும். கணினி பதினைந்தை முடித்தது. முரண்டு பிடித்த நான்கும் டீச்சர் கைக்கு வந்தன.

மூன்றை ஒழுங்காகத்தான் பார்த்தாள். மிஞ்சியிருந்த பன்னிரண்டாவதைத் தொட்டபோது தங்கையிடமிருந்து போன்.

"அக்கா, அம்மா காலைலேருந்து சாப்பிட வாயே திறக்க மாட்டேங்குறாங்க. நீ ஒரு வார்த்தை பேசேன்."

"மீட்டிங்ல இருக்கேன்டி. அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டாள். வேலையும் ஓடவில்லை. குழுத்தலைவியான பெரியக்கா கதவில் தலையை நீட்டி, "பன்னிரண்டு முடிஞ்சுதா?" என்றாள்.

"பார்த்தாச்சு."

ஒரே மணி நேரத்தில் இரண்டு பக்கமும் பொய். அது இரண்டாம் நாள்.

நான்காம் நாளான இன்று மதியம், மனசு கேட்காமல் பன்னிரண்டாவதின் தாளை எடுத்தாள். சமன்பாட்டில் மைனஸ் ஐந்தில் மூன்று என்ற பின்னத்தைப் போட்டதும் முழு வர்க்கம் வந்தது. அப்படி வந்தால் அங்கே புள்ளி இருக்கிறது என்று அர்த்தம். இல்லை என்று சொன்ன இடத்தில், அச்சுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எனப் புதிதாக இரண்டு புள்ளிகள் ஆணி அடித்தாற்போல உட்கார்ந்திருந்தன.

"என்ன டீச்சர், இங்கயே கடை போட்டுட்டீங்களா?" குழுவிலேயே இளையவளான சின்னவள் கையில் குறிப்புகளோடு தேநீர் அறைக்கு வந்து நின்றாள். நாளைக் காலை குழுவின் சார்பில் மேடையேறப் போவது அவள்தான். அதுதான் அவளுடைய முதல் பேச்சு. "முன் வரிசைல உட்காரப்போறவர்தான் எனக்கு வேலை போட்டுத் தரணும். ஒரு தப்பு வந்தாலும் போச்சு. ஆனா கஷ்டமான நாலையும் நீங்க பார்த்திருக்கீங்க, அதான் தைரியம்."

"அந்தக் கோப்பையை இப்படிக் குடு," என்றாள் டீச்சர். வாங்கி அதையும் கழுவினாள்.

சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டாள். "அன்னிக்கு மீட்டிங் எதுவும் இல்லடி."

"தெரியும். நீ மூச்சு விடறதைத் தவிர ஒரு சத்தமும் கேக்கல. அது என்ன ஊமைங்க மீட்டிங்கா?" என்றாள் தங்கை. "அம்மா அன்னிக்கு ராத்திரியே கஞ்சி குடிச்சாச்சு. இங்க ஒண்ணும் கெட்டுப்போகல. வேற எங்கயாவது சொதப்பி வெச்சிருந்தா அங்க போய்ச் சொல்லு."

மறுநாள் காலை எட்டரைக்கெல்லாம் டீச்சர் அரங்கில் இருந்தாள். பெரியக்காவும் சின்னவளும் வந்ததும் தாளை நீட்டினாள்.

"பன்னிரண்டை நான் பார்க்கவே இல்ல. பார்த்ததா சொன்னது பொய். நேத்து மதியம்தான் போட்டுப் பார்த்தேன், ரெண்டு புள்ளி இருக்கு."

பெரியக்கா கணக்கை இரண்டு முறை போட்டுப் பார்த்தாள். "நேத்து மதியமே சொல்லியிருந்தா ஒரு ராத்திரியாவது கிடைச்சிருக்கும்."

சின்னவள் அழவில்லை. "அந்த இடம் வரும்போது நீங்களே எழுந்து சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.

ஒன்பதே முக்காலுக்கு அந்த இடம் வந்தது. டீச்சர் எழுந்து போய்க் கரும்பலகையில் பின்னத்தை எழுதினாள். 'பத்தொன்பது' என்பதை அழித்துப் 'பதினெட்டு' ஆக்கினாள். தான் சரிபார்க்காமலே சரி என்று சொன்னதை முன் வரிசையைப் பார்த்துச் சொன்னாள். சாக்பீஸைக் கொடுத்தபோது சின்னவள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வாங்கிக்கொண்டு பதிமூன்றாவதற்குப் போனாள்.